வளர்ப்பு நாயின் நடையும் ஓட்டமும்: ஓமலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆட்டுப் பட்டி வைத்திருந்த காலத்தில் சேலம் மாவட்டத்து ஓமலூர் வட்டார நாய்க்குத் தனியாக உடற்பயிற்சி என்று ஒன்று தேவைப்படவில்லை. விடிந்ததும் அது மேச்சேரி ஆடுகளோடு மேட்டுக்காட்டுக்குப் போகும்; பொழுது சாயப் பட்டிக்குத் திரும்பும்; இரவில் களத்தையும் கட்டுத்தரையையும் சுற்றிவரும். இந்த வாழ்க்கை மிகப் பழையது. சேலத்துக்கு வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. மந்தையைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட வீரனோடு அவனுடைய நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டு பதிவு செய்கிறது. மந்தையோடு நாளெல்லாம் நடந்த நாய்க்கு மட்டுமே அப்படியொரு நேரத்தில் அந்த வேகம் வாய்க்கும்.

அந்த வேலை இன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆடுகளை விற்றாகிவிட்டது, மிஞ்சியவை கொட்டகையில் அடைபட்டுத் தீவனம் தின்கின்றன. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய காடுகள் மனைகளாகி, சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வைத்த வீடுகள் எழுந்துவிட்டன. நாயின் உடல் மட்டும் மாறவில்லை. அதே காலும் அதே மூக்கும் அதே நெஞ்சுக்கூடும்தான் இருக்கின்றன. வேலை போய்ச் சோறு மட்டும் தங்கியது. இழந்த வேலைக்கு ஈடாக நாள்தோறும் எதைக் கொடுப்பது, எந்த நேரத்தில், எந்தத் தரையில், எவ்வளவு என்பதே இன்றைய கேள்வி.

கட்டிப்போட்ட நாயின் நிலையை அது கட்டப்பட்ட இடமே சொல்லிவிடும். வேப்பமரத்தடியில் சங்கிலியின் நீளத்துக்கு ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதற்குள் புல் முளைக்காது. செம்மண் மாவாக அரைபட்டுக் கிடக்கும். மரத்தின் அடிப்பட்டையில் சங்கிலி உராய்ந்த தடம் வளையமாக ஓடும். வட்டத்தின் விளிம்பில், கதவைப் பார்த்த பக்கம் மட்டும் குழி ஆழமாக இருக்கும். ஆள் வரும்போதெல்லாம் நாய் பாய்ந்து, சங்கிலி அதை இழுத்து நிறுத்திய இடம் அது. நடந்து தேயாத நகங்கள் வளைந்து நீண்டிருக்கும். காலின் உட்புறத்தில் தரையைத் தொடாத பெருவிரல் நகம் சில நாய்களுக்குச் சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

இப்படிக் கட்டிவைத்தால்தான் நாய்க்குக் காவல் குணம் வரும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறான நம்பிக்கை. நாய்க்கும் கெடுதல், வீட்டுக்கும் கெடுதல். பகல் முழுவதும் அடைபட்ட நாய் இலை விழுந்தாலும் குரைக்கும், பால்காரரைப் பார்த்தும் குரைக்கும். எப்போதும் குரைக்கும் நாயின் குரலை வீட்டார் காதில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். கள்ளன் வரும் இரவிலும் அது அதே குரலில்தான் குரைக்கும். காலையில் ஊரைச் சுற்றி மோந்து வந்த நாய் எது வழக்கமானது, எது புதிது என்று பிரித்தறியும். அவிழ்ந்துகொண்டால் கடிக்கப் பாய்வதும், மண்ணைத் தோண்டுவதும், செருப்பைக் கடித்துக் குதறுவதும், ஒரே இடத்தில் சுழல்வதும் பல நாய்களிடம் செலவழியாத உடல்வலுவின் வெளிப்பாடுகளே.

நாய்க்கு உடற்பயிற்சி கொடுப்பது வளர்ப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று சட்டமும் கருதவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் வதை என்று பட்டியலிடும் செயல்களுள் இரண்டு நேரடியாக இதைத் தொடுகின்றன. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது ஒன்று. வழக்கமாகச் சங்கிலியிலோ குறுகிய அடைப்பிலோ வைக்கப்படும் நாய்க்கு அதன் உரிமையாளர் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது மற்றொன்று. முதல் முறை செய்யும் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தொகை அற்பம்தான். ஆனால் பட்டினி போடுவதையும் அடித்துத் துன்புறுத்துவதையும் சொல்லும் அதே பிரிவில் நாயை நடக்கவிடாமல் வைப்பதும் இடம்பெற்றிருக்கிறது. கால்நடை வளர்ப்பே வாழ்வாதாரமான இந்த வட்டாரத்தில்கூட இந்த விதி பரவலாகத் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

எவ்வளவு பயிற்சி என்பது நாயின் இனத்தையும் வயதையும் பொறுத்தது. நல்ல உடல்நிலையில் உள்ள நடுத்தர அளவு நாட்டு நாய்க்குக் காலையும் மாலையுமாகச் சேர்த்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் சுறுசுறுப்பான நடை போதும். லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதற்குக் குறைந்தால் போதாது. தமிழ்நாட்டுக்கே உரிய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றின் கணக்கு வேறு. இவை கண்ணால் இரையைக் கண்டு துரத்துவதற்காக வளர்க்கப்பட்டவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு கொண்ட இவ்வகை நாய் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். அந்த வேகம் நெடுநேரம் நீடிக்காது. சில நூறு மீட்டர் பாய்ந்துவிட்டு மூச்சிரைக்க நின்று, பிறகு நாளில் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். இந்த நாய்க்கு நெடுந்தூர நடை மட்டும் கொடுத்தால் பசி பாதிதான் தீரும். வேலி போட்ட காட்டிலோ, கதவு மூடிய களத்திலோ வாரத்தில் மூன்று நான்கு நாளாவது இரண்டு மூன்று முழு ஓட்டம் கிடைத்தாக வேண்டும். துணியைக் கயிற்றில் கட்டி ஒருவர் இழுத்து ஓட, நாய் துரத்தினாலே அது நிறைவேறிவிடும். முயலை விட்டுத் துரத்தவிடும் பழக்கம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இந்த நாட்டினங்களுக்கு அண்மைக் காலத்தில் மதிப்பு கூடியிருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைக் குறிப்பிட்ட பிறகு நகரத்து வீடுகளிலும் இவற்றின் மீது ஆசை பெருகியது. ஆசையோடு இடமும் வேண்டும். பத்துக்குப் பத்து மொட்டைமாடியில் சிப்பிப்பாறையை வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் லாரியின் ஒலியோ கூப்பிடும் குரலோ அவற்றுக்கு எட்டாது. திறந்த வெளியில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

எதிர்முனையில் இருப்பது பக். 2003இல் வந்த ஹட்ச் கைபேசி விளம்பரம் இந்த நாயை ஊரூராகக் கொண்டுசேர்த்தது. சிறுவனின் பின்னே எங்கும் ஓடும் நாயாக அதில் காட்டப்பட்ட இனம், உண்மையில் இந்த வெயிலில் ஓடத் தகுதியே இல்லாதது. சப்பை மூக்கும் குறுகிய மூச்சுப்பாதையும் கொண்ட பக், ஷிட்சு போன்றவற்றுக்கு விடியற்காலையில் பதினைந்து, இருபது நிமிட மெதுநடை போதும். மாலையில் தரை ஆறிய பின் அதே அளவு. சைபீரியன் ஹஸ்கியின் சிக்கல் வேறு விதம். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த அதற்கு ஓட்டம் மிகுதியாக வேண்டும், அந்த ஓட்டத்துக்கு ஏற்ற குளிர்ச்சி ஓமலூரில் ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும். ஏற்காட்டுக் கோடை விழா நாய்க் கண்காட்சியில் அது அழகாக நிற்பதைப் பார்த்து மலையடிவாரத்தில் வாங்கி வளர்ப்பது சரியான முடிவாகாது.

இந்தச் சமவெளியில் நாயின் பயிற்சியை முடிவு செய்வது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் பகுதியில் பகல் வெப்பம் 38 முதல் 40 பாகை செல்சியசைத் தொடுவது வழக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 பாகை வரை. மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்க்காததால், நாக்கை நீட்டி இரைப்பதன் வழியாகவே அது பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள காற்றே உடலளவு சூடாக இருக்கும்போது அந்த வழி பயன் குறைகிறது. புழுக்கம் மிகுந்த மழைக்கால மாலைகளிலும், வெப்பம் குறைவாக இருந்தாலும், நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாமல் நாய் திணறும்.

ஆகவே கத்திரி வெயில் காலத்தில் நடை காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடிந்துவிட வேண்டும். மாலை ஐந்து மணி பலருக்கு வசதியான நேரம், நாய்க்கு அது ஆபத்தான நேரம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தார்ச்சாலை பொழுது இறங்கிய பிறகும் சூட்டை விடாது. நல்ல வெயிலில் அதன் மேற்பரப்பு காற்றைவிட 20 பாகைக்கும் மேல் சூடேறும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கலாம். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே படக் கூடாது. செருப்பு போட்டவருக்குத் தெரியாத சூடு நாயின் உள்ளங்காலில் கொப்புளமாக எழும்.

நாய் களைத்துவிட்டதை நாக்கே காட்டும். நாக்கின் நுனி அகன்று கரண்டிபோல் விரியும், எச்சில் கெட்டியாகும், கயிறு பின்னால் இழுபடும், கண்ட நிழலிலெல்லாம் அது நிற்கப் பார்க்கும். அந்த இடத்தில் நடையை நிறுத்திவிட வேண்டும். ஈறு செங்கல் நிறமாகச் சிவந்து, கால் தடுமாறி, வாந்தி வந்தால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறிவிட வேண்டும். வண்டி ஏற்பாடு அதன் பிறகு. ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடுவது சூட்டை உள்ளே தேக்கும். நினைவு தப்பிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. தேறியதுபோல் தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அருகே அரசு கால்நடை மருத்துவமனைகள் உண்டு. சிக்கல் பெரிதானால் 1985 முதல் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இந்த வட்டாரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தரைகளில் சிறந்தது நிலக்கடலை பிடுங்கிய செம்மண் காடு. மண் மெத்தென்று இருக்கும், மூட்டில் அடி இறங்காது, மோந்து பார்க்கவும் ஏராளம் இருக்கும். திருச்செங்கோடு பக்கத்து இட்டேரிகளும் அப்படித்தான்: இருபுறமும் கிளுவை வேலி, காலையில் நிழல், வண்டித் தொல்லை குறைவு. தண்ணீர் வற்றிய நாள்களில் சரபங்கா ஆற்று மணலில் நடத்துவது தசைக்கு நல்லது, ஆனால் விரைவில் களைப்பூட்டும். உடைந்த பாட்டில் துண்டுகள் கிடக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இல்லாத பாதை இங்கே அரிது. நாய் திடீரென மூன்று காலில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது பாதத்தை.

இருசக்கர வண்டியில் ஆள் போக, நாய் கூடவே ஓடும் காட்சி இப்போது எங்கும் பழகிவிட்டது. நேரம் மிச்சம் என்பதே இதற்குக் காரணம். நாயின் இயல்பான குதிநடை மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வண்டியை அந்த வேகத்தில் நிதானமாக ஓட்டுபவர் குறைவு. நாய் தனக்கு வேண்டிய இடத்தில் நிற்க முடியாது, மோக்க முடியாது, களைத்தால் சொல்ல முடியாது. கயிறு சக்கரத்தில் சிக்கினால் இருவருக்கும் உயிராபத்து. தார்ச்சாலையில் இப்படி ஓடிய நாய்களின் உள்ளங்கால் தோல் உரிந்து வருவதும் உண்டு. நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில் இதைச் செய்வது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தவறு.

நடையில் தூரத்துக்குக் கொடுக்கும் மதிப்பை மூக்குக்கும் கொடுக்க வேண்டும். நாய்க்கு ஊர் என்பது வாசனைகளின் தொகுப்பு. மின்கம்பத்தடியில் அது அரை நிமிடம் நின்று மோக்கும்போது எந்த நாய் வந்தது, எப்போது போனது என்று படித்துக்கொண்டிருக்கிறது. கயிற்றைச் சுண்டி இழுத்து அதை நகர்த்துவது பாதிச் செய்தித்தாளைப் பிடுங்குவது போன்றது. நடையின் ஒரு பகுதியை நாய் காட்டும் வழியில், நாயின் வேகத்தில் விட்டால், குறைந்த தூரத்திலேயே அது நிறைவடைந்து வீடு திரும்பும். மழை விடாத நாளிலும், வெயில் தணியாத நாளிலும் இந்த மூக்கு வேலையே கைகொடுக்கும். மூன்று கொட்டாங்குச்சிகளைத் திண்ணையில் கவிழ்த்து ஒன்றின் கீழ் மட்டும் கருவாட்டுத் துண்டை வைத்துவிட்டால், நாய் முதலில் மூன்றையும் காலால் தட்டும். நான்காவது, ஐந்தாவது தடவையில் தட்டுவதை விட்டு, ஒவ்வொன்றாக மூக்கை வைத்து, மூச்சை இழுத்துப் பார்த்து, சரியானதன் முன் உட்காரும். கால் மணி நேரம் இதைச் செய்த நாய் தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

குட்டிகளுக்கு வேறு விதி. எலும்பின் வளர்முனைகள் மூடுவதற்குச் சிறிய இனங்களில் பத்து மாதத்துக்கு மேலும், பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டு வரையும் ஆகலாம். அதுவரை நெடுந்தூர ஓட்டமும், மாடிப்படி ஏறி இறங்குவதும், உயரத்திலிருந்து குதிப்பதும் மூட்டைக் கெடுக்கும். மாதத்துக்கு ஐந்து நிமிடம் என்று வயதைப் பெருக்கி நடைக்குக் கணக்குச் சொல்வார்கள். இதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இல்லை என்றாலும், மிகையைத் தடுக்கும் வழிகாட்டியாக உதவும். புல்தரையில் குட்டி தன் விருப்பப்படி ஓடி, விழுந்து, களைத்துப் படுப்பதே அதற்குரிய பயிற்சி. தடுப்பூசித் தவணைகள் முடியுமுன் தெரு நாய்கள் உலவும் இடத்தில் இறக்கிவிடக் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டலாம்.

முதுமை தட்டிய நாயைப் பலர் ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அசையாத மூட்டு மேலும் இறுகும். மூட்டுவாதம் வந்த நாய்க்கும் பத்துப் பத்து நிமிடமாக நாளில் மூன்று நான்கு தடவை சமதரையில் நடை வேண்டும். எழும்போது முனகினால், காலைத் தூக்கி வைக்கத் தயங்கினால் மருத்துவரைக் கேட்டு வலிக்கு மருந்து கொடுக்கலாம். மனிதர் தின்னும் வலி மாத்திரையைக் கொடுப்பது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உயிரையே எடுத்ததும் உண்டு.

பயிற்சியால் மட்டும் பருத்த நாய் இளைத்துவிடாது. ராகிக் களியும் பழைய சோறும் காடு மேய்ந்த நாய்க்குச் சரியாக இருந்தன. அதே தட்டு கட்டிப்போட்ட நாய்க்கு மிகை. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தயவில் முட்டையும் கோழிக் கழிவும் இங்கே மலிவு என்பதால் தட்டு மேலும் நிறைகிறது. 2002இல் அமெரிக்காவில் வெளியான நெடுநாள் ஆய்வொன்று 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுநோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. லாப்ரடாரின் தீராப் பசிக்கு மரபணுவும் ஒரு காரணம்: ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். கண்ணில் ஏக்கம் தெரிவதெல்லாம் பசி என்று நம்பிவிடக் கூடாது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். தராசு இல்லாத வீட்டிலும் இந்தச் சோதனை போதும்.

நீச்சல் மூட்டு வலுவிழந்த நாய்க்கு மிக நல்லது. ஆனால் இங்குள்ள நீர்நிலைகள் அதற்குத் தோதானவை அல்ல. பாறையைக் குடைந்த வயற்கிணறுகளில் நாய் நீந்தும், மேலே ஏறி வர முடியாது. மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாள்களில் இழுப்பு மிகுதி. படிப்படியாக ஆழம் கூடும் ஏரிக்கரையில், நீண்ட கயிறு கட்டி இறக்குவதே பாதுகாப்பு. மழைக்குப் பின் தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடிக்கவிடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே எலிக்காய்ச்சல் வரும். அதற்கும், வெறிநோய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட நாயே வெளியே நடக்கத் தகுதியானது. தெரு நாய்க் கூட்டம் எதிர்ப்பட்டால் ஓடாமல், கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, நாயை மறுபக்கம் மாற்றி நிதானமாகக் கடப்பதே வழி. இருட்டிய பின் வரப்பில் நடத்தினால் கையில் டார்ச் விளக்கு வேண்டும், கடலைக் காட்டில் கண்ணாடி விரியன் இருக்கும்.

வீடு திரும்பியதும் உண்ணி பார்க்க வேண்டும். காதின் உள்மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, வாலின் கீழ்ப்பகுதி ஆகியவை உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் இந்த வட்டாரத்தில் நாய்களைப் பறிகொடுக்க வைக்கும் நோய்களுள் ஒன்று. நேற்றுவரை முன்னால் இழுத்தோடிய நாய் இன்று கயிற்றை எடுத்ததும் எழவில்லை என்றால், ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால் அது சோம்பலாக இராது. ரத்தப் பரிசோதனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். தோலைக் கடித்திருக்கும் உண்ணியை நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து மண்ணெண்ணெயில் போட்டுவிடலாம். பாதத்தைக் கழுவித் துடைத்து, நிழலில் வைத்த சட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவிட்டு, இரைப்பு அடங்கி முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆன பிறகே சோறு வைக்க வேண்டும். ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த நெஞ்சுடைய நாய்களின் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே வயிறு நிறையத் தின்றவுடன் அவற்றை ஓடவிடுவதும், ஓடிவந்தவுடன் தின்னவிடுவதும் கூடாது.